காலனி நாடாளுமன்றத்துக்குப் போன மனுவை வாசிப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகள் ஒவ்வொன்றாகத் தமக்கென நாடாளுமன்றம் அமைத்துக்கொண்டபோது, அந்த அவைகளில் பெரும்பாலான மக்களுக்கு இடமில்லை. ஓட்டு இல்லை, போட்டியிடும் உரிமையும் இல்லை. அவர்களுக்கு இருந்த ஒரே வழி மனு. நிலம் பறிபோனவர்களும், போரில் காயப்பட்டு உதவித்தொகை கிடைக்காத படைவீரர்களும், வாக்குரிமை கேட்ட பெண்களும், கப்பலேறிப் போன இந்தியர்களும் அந்த வழியாகத்தான் அவைக்குள் நுழைந்தார்கள். அந்த மனுக்களில் கணிசமானவை பிழைத்திருக்கின்றன. பல இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன.

ஆனால் அவற்றைப் புரட்டுகிறவர்கள் முதல் வரியிலேயே தடுக்கி விழுகிறார்கள். "தாழ்மையுடன்" என்ற சொல்லைக் கண்டதும் இது வெறும் கெஞ்சல் என்று முடிவுகட்டி மூடிவிடுகிறார்கள். மனு அரசியல் என்றாலே கையேந்தும் அரசியல் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரோடியிருக்கிறது. அது பெரும் அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு மனுவை முறையாக வாசிக்கத் தெரிந்தால், யார் யாரோடு சேர்ந்தார்கள், எதைக் கேட்கத் துணிந்தார்கள், எதைக் கேட்காமல் விழுங்கினார்கள் என்பதெல்லாம் அதிலேயே கிடைக்கும்.

இதற்கு உதாரணமாக ஒரு மனுவைக் கடைசிவரை கூடவே வைத்துக்கொள்வோம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் நாட்டால் (Natal) என்றொரு பிரிட்டிஷ் காலனி இருந்தது. தம் வாக்குரிமையைப் பறிக்கவிருந்த மசோதாவை எதிர்த்து, 1894 ஜூன் 28 அன்று அதன் சட்டமன்றத்துக்கு அங்கு வாழ்ந்த இந்தியர்கள் கொடுத்த மனு அது. ஒப்பிட்டுப் பார்க்க, 1893இல் நியூசிலாந்துப் பெண்கள் வாக்குரிமை கேட்டுக் கொடுத்த மனுவும் அவ்வப்போது வரும்.

படி 1: யாருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள்

காலனியில் அதிகாரம் ஓரிடத்தில் இருந்ததில்லை. கீழவை, மேலவை, ஆளுநர், அவருக்கும் மேலே லண்டனில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் என்று அடுக்கடுக்காக இருந்தது. நாட்டால் காலனி 1893இல்தான் பொறுப்பாட்சி பெற்றது. அதாவது உள்நாட்டு விவகாரங்களில் அங்கிருந்த வெள்ளையர்களின் அமைச்சரவையே முடிவெடுக்கலாம். ஆனாலும் சில வகைச் சட்டங்களுக்கு லண்டனின் ஒப்புதல் தேவைப்பட்டது.

இந்த அடுக்கு தெரியாமல் மனுவை வாசித்தால் பாதிதான் விளங்கும். நாட்டால் இந்தியர்கள் முதலில் உள்ளூர் சட்டமன்றத்துக்கு எழுதினார்கள். பிறகு மேலவைக்கு எழுதினார்கள். ஆளுநரைச் சந்தித்தார்கள். அதன் பின் லண்டனில் இருந்த ரிப்பன் பிரபுவுக்கு விரிவான மனு போனது. இந்தியாவில் வைஸ்ராயாக இருந்த அதே ரிப்பன்தான் அப்போது அந்த அமைச்சர். உள்ளூர் அவை செவிசாய்க்காது என்று தெரிந்தும் அங்கே முதலில் ஏன் போனார்கள்? கீழ்ப்படியைத் தாண்டிக்கொண்டு நேரே லண்டனுக்கு ஓடியிருந்தால், முதலில் உங்கள் சட்டமன்றத்தைக் கேட்டீர்களா என்ற கேள்வி எழுந்திருக்கும். உள்ளூரில் கேட்டு மறுக்கப்பட்டது என்பதே அடுத்த மனுவின் முதல் சான்று.

இன்னொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். எல்லாக் குறையும் நாடாளுமன்றத்துக்குப் போகாது. ஒப்பந்தக் கூலி, அதாவது குறிப்பிட்ட காலம் வேலை செய்வதாக ஒப்பந்தம் போட்டுக் கப்பலேறி வந்தவர், தன் முதலாளியிடம் அடிபட்டால் அவருக்கு இருந்த இடம் மாஜிஸ்திரேட்டும் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியும்தான். பற்கள் உடைந்து இரத்தம் வழிய, அப்போது நாட்டாலில் வழக்கறிஞராக இருந்த காந்தியிடம் வந்து நின்ற தமிழர் பாலசுந்தரத்தின் வழக்கு அந்த வழியாகவே தீர்ந்தது. அவருடைய ஒப்பந்தம் வேறொரு முதலாளிக்கு மாற்றப்பட்டது. ஆகவே நாடாளுமன்ற மனுக்களில் ஒரு தனிக் கூலியின் குரலைத் தேடி ஏமாறாதீர்கள். அது வேறு கோப்பில் இருக்கிறது.

படி 2: தேதியை மசோதாவின் பக்கத்தில் வையுங்கள்

மனுவின் தேதியை மட்டும் குறித்துக்கொண்டு நகர்ந்துவிடக் கூடாது. அன்று மசோதா எந்த நிலையில் இருந்தது என்பதுதான் முக்கியம்.

இந்தியர்களின் வாக்குரிமையைப் பறிக்கும் மசோதா நாட்டால் சட்டமன்றத்தில் வேகமாக நகர்ந்துகொண்டிருந்தபோது, அங்கிருந்த இந்திய வணிகர்களில் பலருக்கு அதைப் பற்றித் தெரியவே தெரியாது. ஊருக்குத் திரும்பவிருந்த இளம் வழக்கறிஞர் காந்திக்கு நடந்த வழியனுப்பு விருந்தில், ஒரு நாளிதழின் மூலையில் கிடந்த சிறு செய்தியிலிருந்துதான் பேச்சே தொடங்கியது. அவர் பயணத்தை ஒத்திவைத்தார். முதல் வேலையாகச் சபாநாயகருக்கும் முதலமைச்சர் ஜான் ராபின்சனுக்கும் தந்திகள் பறந்தன. விவாதத்தைத் தள்ளிவையுங்கள் என்பதுதான் செய்தி. சபாநாயகரிடமிருந்து பதில் வந்தது: இரண்டு நாள் அவகாசம்.

அந்த இரண்டு நாளில் நடந்ததைக் காந்தியே தன் தன்வரலாற்றில் விவரிக்கிறார். மனு எழுதியாக வேண்டும், பிரதிகள் வேண்டும், கையொப்பங்கள் வேண்டும். அழகான கையெழுத்துக்குப் பேர்போன ஒரு முதியவர் மூலப்பிரதியை எழுதினார். மற்றவர்கள், ஒருவர் வாசிக்க வாசிக்க எழுதிக்கொண்டார்கள். இப்படி ஐந்து பிரதிகள் ஒரே நேரத்தில் தயாராயின. வணிகர்கள் சொந்த வண்டியிலும் தம் செலவில் வாடகைக்கு எடுத்த வண்டியிலும் ஏறிக் கையொப்பம் வாங்கப் புறப்பட்டார்கள். மனுவின் வாதங்கள் ஓரிடத்தில் நெருக்கியடித்துக்கொண்டும் இன்னோரிடத்தில் தாவியும் போவதற்கு இந்த அவசரமும் ஒரு காரணம். எத்தனை நாளில் எழுதப்பட்டது என்று தெரிந்த பிறகு அதே வரிகளைத் திரும்ப வாசித்துப் பாருங்கள், வேறு மாதிரி ஒலிக்கும்.

படி 3: பணிவு விதியின் கட்டாயம் என்பதை மறக்காதீர்கள்

லண்டன் நாடாளுமன்றத்தின் நடைமுறையைத்தான் காலனி அவைகள் பெரிதும் பின்பற்றின. அங்கே மனுவுக்குக் கறாரான இலக்கணம் இருந்தது. மொழி மரியாதையாக இருக்க வேண்டும். கோரிக்கை தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். கையொப்பங்களில் ஒன்றாவது கோரிக்கை எழுதப்பட்ட அதே தாளில் இருக்க வேண்டும். வேறு எதற்கோ வாங்கிய கையொப்பத் தாளைக் கொண்டுவந்து ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக. கடிதங்களையோ வேறு ஆவணங்களையோ இணைக்கக் கூடாது. அவையில் நடந்த விவாதத்தைக் குறிப்பிடக் கூடாது. மனுதாரர் நேரே வந்து கொடுக்கவும் முடியாது. உறுப்பினர் ஒருவர்தான் அவையில் வைக்க வேண்டும். அரசுப் பணத்தைச் செலவிடச் சொல்லும் மனுவென்றால் அரசின் பரிந்துரையும் தேவை.

இவற்றில் ஒன்று பிசகினாலும் மனுவை வாசிக்காமலே தள்ளிவிடலாம். ஆகவே "தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்ற தொடக்கமும், "கடமைப்பட்டவர்களாய் என்றென்றும் பிரார்த்திப்போம்" என்ற முடிவும் எழுதியவரின் மனநிலையைக் காட்டுபவை அல்ல. பிரபுவின் மனுவிலும் அதே வரிகள்தான் இருக்கும். இந்த இரண்டு ஓரங்களையும் கையால் மறைத்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் வாசிக்கும்படி புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வதுண்டு. நாட்டால் மனுவின் நடுப்பகுதியில் கெஞ்சல் இல்லை. எதிர்வாதம் இருக்கிறது.

படி 4: முதலில் கோரிக்கையைப் படியுங்கள்

மனுவைக் கடைசிப் பத்தியிலிருந்து தொடங்குவது நல்லது. முன்னால் வருவதெல்லாம் அந்தப் பத்திக்காகத்தான்.

1894 மனுவின் கோரிக்கை இது: மசோதாவை மேலும் கொண்டுசெல்வதற்கு முன், இந்தக் காலனியில் வாழும் இந்தியர்கள் வாக்குரிமைக்குத் தகுதியானவர்களா என்று விசாரிக்க ஒரு குழுவை நியமியுங்கள். மசோதாவைக் கிழித்தெறியுங்கள் என்று கேட்கவில்லை. எல்லா இந்தியருக்கும் ஓட்டுக் கொடுங்கள் என்றும் கேட்கவில்லை. ஏற்கெனவே இருந்த விதிப்படி 50 பவுண்டு மதிப்புள்ள சொத்து உள்ளவருக்கோ ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை கொடுப்பவருக்கோதான் ஓட்டு. அந்த விதி மனுதாரர்களை உறுத்தவில்லை. இனத்தைக் காட்டி விலக்குவதுதான் உறுத்தியது.

இதைக் கோழைத்தனம் என்று சொல்வது எளிது. அவையின் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்கள். மசோதாவைக் கைவிடச் சொன்னால் மறுப்பது சுலபம். விசாரித்துவிட்டு முடிவெடுங்கள் என்றால், மறுக்கும் அவை விசாரிக்க அஞ்சுகிறது என்று ஆகிவிடும். அடுத்து லண்டனில் வாதாட அந்த மறுப்பே போதும்.

படி 5: வாதங்களை வாசிக்கும்போது எதிராளி சொன்னதையும் மனதில் வையுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். மனுவில் வரும் ஒவ்வொரு வாதமும் யாரோ சொன்ன ஒன்றுக்குப் பதில். அந்த எதிர்க்குரலை நீங்களே எழுதிப் பார்க்க வேண்டும்.

ஆசியர்கள் தம் நாட்டில் ஒருபோதும் வாக்களித்ததில்லை, பிரதிநிதித்துவ ஆட்சி என்றால் என்னவென்றே அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் மசோதாவை ஆதரித்தவர்களின் முதன்மை வாதம். மனு அதற்கு இந்திய கிராம சபைகளைக் காட்டிப் பதில் சொல்கிறது. சட்ட அறிஞர் ஹென்றி மெய்ன் எழுதியதைச் சாட்சிக்கு அழைக்கிறது. மைசூரில் இயங்கிவந்த பிரதிநிதி சபையைச் சுட்டிக்காட்டுகிறது. சென்னையின் ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோ இந்தியர்களின் வேளாண்மையையும் கைத்திறனையும் ஊர்ப் பள்ளிகளையும் புகழ்ந்து சொன்ன சொற்களை எடுத்து வைக்கிறது. சாட்சிகளாக ஆங்கிலேயர்களையும் ஐரோப்பியர்களையுமே தேர்ந்தெடுத்திருப்பதைக் கவனியுங்கள். அந்த அவையில் இந்தியச் சாட்சிக்கு மதிப்பில்லை என்று தெரிந்து, அவையினரின் சொந்த நூலகத்திலிருந்தே சான்று எடுத்திருக்கிறார்கள். நம் மாவட்டங்களில் அலைந்து திரிந்து விவசாயியிடமிருந்தே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை நிலைநாட்டிய மன்றோவின் பெயர், தன் மரணத்துக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, நாட்டால் இந்தியர்களின் ஓட்டுக்காக அங்கே ஒலித்தது.

இதே வாதத்துக்குள் ஒரு பலவீனமும் ஒளிந்திருக்கிறது. நாங்கள் நாகரிகமானவர்கள், ஆகவே தகுதியானவர்கள் என்று வாதிடும்போது, நாகரிகம்தான் உரிமைக்கு அளவுகோல் என்று ஒப்புக்கொண்டாகிவிடுகிறது. அந்த நிலத்தின் சொந்த மக்களான ஆப்பிரிக்கர்கள் ஏற்கெனவே வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தார்கள். அவர்களுக்காக இந்த மனு பேசவில்லை. 1890களில் காந்தி எழுதியவற்றில் ஆப்பிரிக்கர்களைத் தாழ்த்தும் வரிகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டும் காணாததுபோல் தாண்டிப் போகிறவர்கள் மனுவை வாசிக்கவில்லை, வழிபடுகிறார்கள். யாரை விட்டுவிட்டுத் தம் உரிமையைக் கேட்டார்கள் என்ற கேள்வியை எல்லா மனுக்களிடமும் கேளுங்கள்.

படி 6: கையொப்பத் தாள்களில் நேரம் செலவிடுங்கள்

பெரும்பாலானோர் புரட்டிவிட்டுப் போகும் பகுதி இது. என்னைக் கேட்டால் மனுவின் உயிரே இங்கேதான் இருக்கிறது.

ஜூன் 28 மனுவில் சுமார் 500 கையொப்பங்கள். ரிப்பனுக்குப் போன மனுவில் சுமார் 10,000. இரண்டு வாரத்தில் திரட்டியவை. அன்றைய வாக்காளர் பட்டியலில் இருந்த இந்தியர்களோ சில நூறு பேர்தான். அப்படியானால் கையெழுத்துப் போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தம்மிடம் இல்லாத ஓர் உரிமைக்காகப் போட்டார்கள். மனுவில் என்ன இருக்கிறது என்று விளக்கிப் புரியவைக்காமல் யாரிடமும் கையொப்பம் வாங்கக் கூடாது என்று தொண்டர்களுக்குக் காந்தி நிபந்தனை விதித்திருந்தார். வீடுகள் ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் சிதறிக் கிடந்த ஊர்களில் போய், குஜராத்தியிலும் தமிழிலும் இன்னபிற மொழிகளிலும் ஒரு மசோதாவை விளக்குவதென்றால் அது எவ்வளவு பெரிய வேலை! நாட்டாலிலேயே பிறந்து வளர்ந்த கிறித்தவ இளைஞர்களும் வணிகர்களும் முதன்முதலாக ஒரே வேலையில் கைகோத்தது அப்போதுதான். அந்த ஆண்டு ஆகஸ்ட் 22 அன்று, அங்குள்ள இந்தியர்களின் அமைப்பான நாட்டால் இந்தியக் காங்கிரஸ் பிறந்ததற்கு இந்தக் கையொப்ப வேட்டைதான் அடித்தளம்.

நியூசிலாந்துக்கு வாருங்கள். அங்கே பெண்கள் 1891இல் 9,000க்கும் மேற்பட்ட கையொப்பங்களோடு மனு கொடுத்தார்கள். மறு ஆண்டு அது கிட்டத்தட்ட 20,000 ஆனது. 1893இல் பதின்மூன்று மனுக்களில் ஏறக்குறைய 32,000. பெண்கள் வாக்குரிமை இயக்கத்தை முன்னின்று நடத்திய கேட் ஷெப்பர்டும் அவருடைய தோழியரும் நாடு முழுவதிலிருந்தும் வந்த தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, விளக்குமாற்றுக் கழியின் துண்டொன்றில் சுற்றினார்கள். நீளம் சுமார் 270 மீட்டர். உறுப்பினர் ஜான் ஹால் அதை அவையின் நடுப்பாதையில் உருட்டிவிட்டார். தாள் விரிந்துகொண்டே ஓடி, உள்ளிருந்த கழி எதிர்ச்சுவரில் போய் மோதியது. எண்ணிக்கையை வாசித்துச் சொன்னால் கேட்காத அவை, அந்த நீளத்தைக் கண்ணால் பார்த்தது.

கையொப்பத் தாளில் நீங்கள் தேட வேண்டியவை: ஒரே கையெழுத்தில் வரிசையாகப் பெயர்கள் இருக்கின்றனவா (யாரோ பிறருக்காக எழுதியிருக்கலாம்), கைநாட்டு அல்லது பெருக்கல் குறி உள்ளதா, எந்தெந்த எழுத்துகளில் கையொப்பம் இருக்கிறது, ஒரே தெருவின் பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றனவா. தெருவரிசையில் பெயர்கள் வந்தால், வீடு வீடாக ஏறி இறங்கியவரின் பாதையே உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

படி 7: அவை என்ன செய்தது, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று

தனிமனிதர் கொடுத்த மனு என்றால் நியூசிலாந்தில் அது மனுக்களுக்கான குழுவிடம் போகும். அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மனுக்களுக்குத் தனிக் குழு இருந்தது. குழுவின் அறிக்கை பெரும்பாலும் ஓரிரு வரிதான்: "பரிந்துரை எதுவும் இல்லை", அல்லது "அரசின் பரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது". முதலாவது என்றால் கதை அநேகமாக முடிந்தது. இரண்டாவதும் வெற்றி அல்ல. அரசு பரிசீலிக்காமலே இருந்துவிடலாம். ஆகவே அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே பெயர் மறுபடி வருகிறதா என்று பாருங்கள். சிலர் ஆண்டுக்கணக்காக விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

நாட்டால் மசோதா, மனுவை மீறி நிறைவேறியது. நிறைவேறும் என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது என்று காந்தியும் எழுதுகிறார். ஆனால் லண்டன் அந்த வடிவத்தில் ஒப்புதல் தரவில்லை. 1896இல் வேறொரு சட்டம் வந்தது. அதில் இந்தியர் என்ற பெயரோ ஆசியர் என்ற பெயரோ கிடையாது. நாடாளுமன்ற வாக்குரிமையை அடிப்படையாகக் கொண்ட பிரதிநிதி அமைப்புகள் இதுவரை இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கும் அவர்களின் ஆண்வழித் தோன்றல்களுக்கும் ஓட்டு இல்லை என்றது. பெயரை எடுத்துவிட்டுப் பூட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே பட்டியலில் இருந்தவர்கள் தப்பினார்கள்.

இந்த மனு வென்றதா, தோற்றதா? ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லவே முடியாது. இனத்தின் பெயரால் வெளிப்படையாகச் சட்டம் எழுதுவதை அது தடுத்தது. விலக்கலைத் தடுக்கவில்லை. நியூசிலாந்து மனுவுக்குக் கிடைத்த பதில் நேரடியானது: மேலவையில் 1893 செப்டம்பர் 8 அன்று 20க்கு 18 என்ற கணக்கில் மசோதா தேறியது, 19ஆம் தேதி ஆளுநர் கையெழுத்திட்டார்.

ஒரு மனுவின் பலனைப் பல ஆண்டு தள்ளிப் பார்க்கவும் பழக வேண்டும். ஒப்பந்தம் முடிந்தும் நாட்டாலில் தங்கிவிடும் கூலிகள் மீது ஆண்டுக்கு 25 பவுண்டு வரி போடத் திட்டமிட்டு, இந்தியாவின் வைஸ்ராய் எல்ஜின் பிரபு சம்மதித்த அளவான 3 பவுண்டோடு 1895இல் சட்டமாக்கினார்கள். ஒப்பந்தக் கூலியின் தொடக்கச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்பது 60 ஷில்லிங், அதாவது ஆறு மாத உழைப்பு. அதை எதிர்த்தும் உள்ளூர் அவைக்கும் லண்டனுக்கும் மனுக்கள் போயின. பலிக்கவில்லை. 1913இல் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்த பிறகுதான், 1914இல் அந்த வரி ஒழிந்தது. வேலைநிறுத்தத்தில் இறங்கியவர்களில் தமிழர்கள் ஏராளம். தாளில் பல ஆண்டுகள் சொல்லப்பட்ட கோரிக்கைதான் அன்று தெருவில் நடந்து வந்தது. மனுவையும் போராட்டத்தையும் எதிரெதிராக நிறுத்துவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

படி 8: எங்கே தேடுவது

நாட்டால் மனுக்களின் வாசகங்கள் காந்தியின் எழுத்துகளின் ஆங்கிலத் தொகுப்பில், முதல் தொகுதியில் இருக்கின்றன. இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். நாட்டால் அரசு லண்டனோடு நடத்திய கடிதப் போக்குவரத்து, லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் சிஓ 179 (CO 179) என்ற வரிசையில் இருக்கிறது. மனுவோடு ஆளுநர் அனுப்பிய குறிப்புகளை அங்கேதான் தேட வேண்டும். மனுவை அதிகாரிகள் தமக்குள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பது அவற்றில் வெளிப்படும். நியூசிலாந்துக் குழு அறிக்கைகளும் அக்கால நாளிதழ்களும் அந்நாட்டுத் தேசிய நூலகத்தின் 'பேப்பர்ஸ் பாஸ்ட்' (Papers Past) தளத்தில் கிடைக்கும். 1893 மனுவில் கையெழுத்திட்ட பெண்களின் பெயர்களையும் இணையத்தில் தேடலாம்.

உங்கள் குடும்பத்தில் யாராவது ஒப்பந்தக் கூலியாக நாட்டாலுக்குப் போயிருந்தால், கப்பல் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்த 'துரூரோ' தொடங்கி, அப்படிக் கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், மாவட்டம் என்று பதிவு செய்தார்கள். ஊரின் பெயர் அடையாளமே தெரியாத அளவுக்குச் சிதைந்திருக்கும். ஆகவே மாவட்டத்தையும் வட்டத்தையும் முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு ஊர்ப் பெயரைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். எழுதியவர் காதால் கேட்டதைத்தான் எழுதினார். பிற்கால ஆவணங்களில் முதலி 'மூட்லி' என்றும் நாயுடு 'நாய்டூ' என்றும் மாறியிருக்கும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் குடிபெயர்வு பற்றிய அரசு நடவடிக்கைக் கோப்புகளும் இருக்கின்றன. அங்கே போகும் முன் கப்பல் பெயரையும் புறப்பட்ட ஆண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவை இரண்டும் இல்லாமல் கோப்பு கேட்டால் எந்த ஊழியராலும் உதவ முடியாது.